வெயில் தேடும் பேருந்து

டீசல் விற்பனை நின்ற பிறகு, கோவில்பட்டியின் மினி பஸ்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றை பாலிடெக்னிக் மாணவர்களான மெஹருன்னிசாவும் பிரிட்டோவும் மறுபடி ஓடவைத்தார்கள். கூரை முழுக்க சூரியத் தகடுகள், எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டார். ஓட்டுநருக்குப் பதில் 'ஒளிநாடி' என்ற கருவி. எந்தத் தெருவில் எப்போது வெயில் விழும் என்று கணித்து, மின்கலம் தீராத பாதையை அதுவே தேர்ந்தெடுக்கும். அதை வடிவமைத்தவள் மெஹருன்னிசா.

பேருந்து ஒருநாள்கூட வழியில் நிற்கவில்லை. ஊருக்குச் சந்தோஷம்.

ஒருநாள் வாகைமரத் தெருவிலிருந்து செல்வராணி அவர்களுடைய பட்டறைக்கு வந்தாள். அவள் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்கு அடிக்கடி ஆஸ்பத்திரி போக வேண்டும்.

"எங்க தெருவுக்குள்ள பஸ் வரவே மாட்டேங்குதும்மா. அவரால மெயின் ரோடு வரைக்கும் நடக்க முடியல."

மெஹருன்னிசாவுக்குக் காரணம் உடனே புரிந்தது. அந்த நீளமான தெரு முழுக்க மரநிழல்.

"நிழல்லயும் போகச் சொல்லி மாத்திருவோமா?" என்றான் பிரிட்டோ.

"உள்ள போயிரும். திரும்பி வர சார்ஜ் இருக்காது. பெரிய மின்கலம் வேணும்." அவள் செல்வராணியிடம் திரும்பினாள். "ஒரு வாரம் பொறுத்துக்கோங்கக்கா. செஞ்சிருதோம்."

காயலான் கடை வண்டிகளிலிருந்து கலங்களைப் பிரித்துக் கோத்தார்கள். சொன்ன வாரம் முடிவதற்குள் வேலை முடிந்தது. புதிய மின்கலத்தைத் தள்ளுவண்டியில் வைத்து இருவரும் பேருந்தைத் தேடிப் போனார்கள்.

அது வாகைமரத் தெருவுக்குள் நின்றிருந்தது.

தெரு வெளிச்சமாக இருந்தது. இருபுறமும் அடிக்கட்டைகள் மட்டுமே மிச்சம். வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

"நீங்க ஒரு வாரம் பொறுக்கச் சொன்னீங்கதான்," என்றாள் செல்வராணி. "ஆனா நேத்து அவருக்கு மூச்சு முட்டிருச்சும்மா. அதான் தெருக்காரங்க எல்லாரும் சேந்து வெட்டிட்டாங்க. இன்னிக்கு பஸ் தானா வந்திருச்சு."

மெஹருன்னிசா தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

கணவரைக் கைத்தாங்கலாக உள்ளே ஏற்றினார்கள். பேருந்து நகரவில்லை. ஆட்கள் ஒட்டி நின்றால் அது கிளம்பாது. மரம் வெட்டியவர்கள் வியர்வையைத் துடைத்தபடி பேருந்தின் நிழலில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். தெருவில் வேறு நிழலில்லை.

உள்ளே செல்வராணியின் கணவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"கொஞ்சம் தள்ளி வெயில்ல நில்லுங்க அண்ணாச்சி," என்றாள் மெஹருன்னிசா. "பஸ் போகணும்."