அளவுக் காகிதம்

மாடி வீட்டு ஆராய்ச்சி மாணவி வந்து நின்றபோது, ஓய்வு பெற்ற தபால் ஆய்வாளர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். காணாமல் போனதைக் கண்டுபிடிப்பதில் அவருக்குத் தெருவில் நல்ல பெயர். பக்கத்தில் அவர் மைத்துனர். பாவம், அந்த மனிதருக்கு வாய் சும்மா இருக்காது.

அழுதழுது அவள் கண் வீங்கியிருந்தது. அவளும் அவள் காதலனும் மாதம் ஒருமுறை பிரெஞ்சு சிவப்பு வைன் வாங்குவார்களாம். கடையின் அடித்தட்டில் கிடக்கும் மலிவுச் சரக்குதான். அதற்கே ஒரு வாரம் பஸ் ஏறாமல் நடக்க வேண்டும். பாதியை அன்றே குடித்துவிட்டு, மீதி கெடாமலிருக்க அவன் அதைச் சின்னப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வைப்பான். போன மாதம் சாலை விபத்தில் அவன் போய்விட்டான். அவன் நிரப்பிய கடைசிப் புட்டியை அவள் தொடவே இல்லை. இன்று பார்த்தால் அடியில் ஒரு வாய்தான் மிச்சம்.

கூடத் தங்கியிருக்கும் மருத்துவ மாணவிதான் குடித்திருப்பாள் என்று, சாயங்காலத்துக்குள் அவளை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். அவளை விட்டால் இவளுக்கு வேறு தோழி கிடையாது. வீட்டிலிருக்கும் இன்னொருவர் இறந்தவனின் அப்பா. மகனின் சாமான்களை எடுத்துப்போக வந்து ஒரு வாரமாகிறது. முப்பது வருடம் கம்பவுண்டராக மருந்து கலக்கியவர். மகன் குடிக்கிறான் என்று தெரிந்து இரண்டு வருடம் அவனோடு பேசாதவர். அவரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மாடிக்குப் போய் ஆய்வாளர் புட்டியைத் திருப்பினார். பின்பக்கம் மெல்லிய காகிதப் பட்டை ஒன்று. ஓரத்தில் ஒரே சீராக வெட்டு வெட்டி ஒட்டியிருந்தது.

“டாக்டருக்குப் படிக்கிற பொண்ணுல்ல மச்சான், அளந்து குடிச்சிருக்கு” என்றார் மைத்துனர், கேஸ் முடிந்துவிட்ட தோரணையில்.

ஆய்வாளர் மூவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். மருத்துவ மாணவி பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் வந்தாள்.

“இந்தப் பொண்ணு மருந்தை மூடியில அளந்துதான் பார்த்திருக்கும். காகிதத்தை மடிச்சு, வெட்டி, வேளைக்கு இவ்வளவுன்னு புட்டியில ஒட்டுறது அந்தக் காலத்துக் கம்பவுண்டர் வேலை. ஆசைக்குக் குடிக்கிறவன் ஒரே மூச்சுல காலி பண்ணியிருப்பான். இங்க எட்டு வேளையில ஏழுதான் போயிருக்கு. நீங்க வந்து ஏழு நாள் ஆச்சு, ஐயா.”

பெரியவர் மறுக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒரு தடவை ஃபோன் பண்ணினான். ‘அப்பா, இதோட ருசியைச் சொல்றேன், கேளுங்க’ன்னான். வெச்சுட்டேன். தினம் ஒரு வேளை குடிச்சுப் பார்க்கறேன். எனக்குப் புளிப்புதான் தெரியுது.”

மாணவி தோழியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். தோழி அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

“என்ன ருசின்னு சொன்னான்? உனக்குத் தெரியுமேம்மா” என்றார் பெரியவர்.

அவள் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒவ்வொரு தடவையும் சொல்வான் மாமா. நான் கேட்டதே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன்.”