உடைவதற்கென்று கட்டிய கரை

நேற்று மாலை மட்டும் பன்னிரண்டு கூடை அள்ளியிருந்தார். காலையில் ஷட்டர் அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், களிமண் குவியல் யாரும் தொடாததுபோல் நிமிர்ந்து நின்றது. மண்வெட்டி கொத்திய தடம் இல்லை. கூடை வைத்த இடத்தில் புல் நசுங்கியிருந்தது. அவர் வந்துபோனதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

"மழையில ஊறி உப்பியிருக்கும்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். சொன்னது தன் காதுக்கே பொய்யாக விழுந்ததும் அறைக்குள் போய்விட்டார்.

அணையில் அவரை ஷட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருஷமாக ஐந்து ஷட்டர்களையும் ஏற்றி இறக்கிய கை. வெள்ளம் வந்தால் ஊரே கீழே பாலத்தில் நின்று அவரை அண்ணாந்து பார்க்கும். நனைந்து வீடு திரும்பினால் மனைவி வாசலிலேயே துண்டோடு நிற்பாள். மாமனார் வீட்டில், "நம்ம மாப்பிள்ளை கதவைத் திறக்கலேன்னா ஊரு ஏது?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சகலை வந்து சேரும்வரைதான்.

மனைவியின் தங்கையைக் கட்டியவன் இன்ஜினியர். வந்த இரண்டாவது வருஷமே அணையின் இடது ஓரத்தில் உபரிநீருக்கென்று இன்னொரு வழி வெட்டிவிட்டான். கதவு கிடையாது, சக்கரம் கிடையாது, காவலுக்கு ஆள்கூட வேண்டாம். அகலமான வெறும் வாய்க்கால், அதன் வாயை அடைத்து மணலால் ஒரு தடுப்புக்கரை. ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தையே கூட்டிவந்து காட்டினான்.

"அஞ்சு ஷட்டரும் திறந்தும் தண்ணி ஏறிக்கிட்டே போனா என்ன பண்றது? பெரிய கரை மண்ணு. அது மேல தண்ணி வழிஞ்சுதுன்னா அணையே போயிடும். அதுக்குத்தான் இது. உயரம் கம்மி. உச்சியில பாருங்க, சின்னதா ஒரு வெட்டு. தண்ணி அந்த வெட்டுக்குள்ள நுழைஞ்சா அரிக்க ஆரம்பிக்கும், இந்த மணலு மொத்தமும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். தண்ணி ஊரைச் சுத்தி ஆத்துல போய்ச் சேர்ந்துடும்."

"அப்ப உடையறதுக்குன்னே கட்டினீங்களா, சின்ன மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை. இது உடைஞ்சாதான் அது நிக்கும்."

"மூளையைப் பாருடி!" என்று மகளிடம் சொல்லிவிட்டு மாமியார் மூத்த மருமகன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் இனிமே அலைச்சல் இல்ல. மழை பேஞ்சா போர்த்திக்கிட்டுத் தூங்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். மற்றவர்கள் சிரித்ததை இரண்டு நாளில் மறந்திருப்பார். கூடச் சேர்ந்து மனைவி சிரித்தாளே, அதைத்தான் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த வழியில் ஒரு தடவை தண்ணீர் ஓடிவிட்டால் போதும், இருபத்தேழு வருஷமும் அதோடு ஓடிவிடும். அதனால்தான் மழைக்காலம் தொடங்கும் முன்பே, ஆள் நடமாட்டம் ஓய்ந்த மாலைகளில், அந்த வெட்டை அடைக்கத் தொடங்கினார். உள்ளே களிமண்ணை இடித்து நிரப்பி, மேலே கண்துடைப்புக்கு மணல் தூவினார். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. தண்ணீர் வரட்டும், மணல் அரிக்காமல் நிற்கட்டும், சின்ன மாப்பிள்ளை கையைப் பிசையட்டும். கடைசியில் ஷட்டரை வைத்துத் தானே ஊரைக் காப்பாற்றுவோம் என்று கணக்குப் போட்டார். எத்தனை வெள்ளம் பார்த்த கை!

மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் பகல் முழுக்கத் தகரக் கூரை இரைந்தது. கிரீஸ் வாடையும் ஈரச் சாக்கு வாடையும் கலந்த அந்த அறையில், ஐந்து சக்கரங்களுக்கு நடுவே ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. தொப். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி தொப். ஈர மண்ணைக் கூடையிலிருந்து கவிழ்க்கிற சத்தம். அறைக்கு வெளியேயிருந்து அல்ல, காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

எழுந்து பெரிய கரைமேல் நடந்தார். இருபது அடி போயிருப்பார். புல் மூடிய இடத்தில் கால் முழங்கால்வரை இறங்கியது.

வெட்டு.

புல்லை விலக்கிப் பார்த்தார். தடுப்புக்கரையில் அவர் அடைத்த அதே வெட்டு. அதே அகலம், அதே சரிவு. ஓரங்களில் பத்து விரல்களின் தடம். தன் விரலை ஒரு தடத்தில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

குவியலிலிருந்து அள்ளிவந்து அடைத்தார். மறுநாள் காலை குவியல் நிறைந்து நின்றது. வெட்டு இடுப்பளவு இறங்கியிருந்தது.

போன் அடித்தது. சகலைதான். "அண்ணே, பெரிய கரையில ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா? கசிவு, பள்ளம்?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் ஓடிவருவான். பள்ளம் எப்படி வந்தது என்று கேட்பான். களிமண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பான். சாயங்காலம் மாமியார் வீட்டில் அதுதான் பேச்சாக இருக்கும்.

"ஒண்ணுமில்ல தம்பி. நான்தான் இங்க இருக்கேனே."

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு விளக்கு போட வேண்டியிருந்தது. ஐந்து ஷட்டரும் முழுசாகத் திறந்தாகிவிட்டது. தண்ணீர் இன்னும் ஏறியது. தரை அதிர்ந்தது. அந்த இரைச்சலிலும் அடியில் தொப் நிற்கவில்லை. இப்போது இடைவெளியே இல்லை. அவசரமாக அள்ளுகிற கை.

குடையை வீசிவிட்டு வெட்டின் ஓரத்தில் போய் நின்றார். தண்ணீர் அதன் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

போன்.

"அண்ணே, தடுப்புக்கரையில தண்ணி ஏறிடுச்சு, வெட்டு அரிக்கவே மாட்டேங்குது! ஏன்னே தெரியல! அங்க எப்படி?"

நாக்கு நுனிவரை வந்தது. களிமண் அடைச்சிருக்கேன்டா, வெட்டி எடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அப்போது போனில் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரு பக்கத்துல?"

"அக்காதான். டீ கொண்டுவந்தாங்க. நான் தொப்பலா நனைஞ்சுட்டேனா, துண்டு வேற எடுத்துட்டு வந்திருக்காங்க."

மழை முகத்தில் அறைந்தது. துடைக்க அவரிடம் ஒன்றுமில்லை.

"இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். போனை அணைத்தார்.

தண்ணீர் உள்ளே வந்தது. விரல் தடிமன். பிறகு கை தடிமன். கரையின் மறுபக்கச் சரிவில் மண் சரிகிற ஓசை. கீழே ஊர். வரிசை வீடுகள், அதில் மூன்றாவது அவருடையது. குவியலுக்கு ஓடினார். குவியல் இல்லை. அது நின்ற இடத்தில் நசுங்கிய புல் மட்டும்.

திரும்பி ஓடிவந்தார். கையால் அள்ளிப் போட்டார். அடித்துப் போனது. சட்டையைக் கழற்றி அடைத்தார். போனது. வேறு ஒன்றும் இல்லை. படுத்தார்.

தலை ஒரு ஓரத்தைத் தொட்டது. பாதம் மறு ஓரத்தைத் தொட்டது. தோள் இரண்டும் இறுகின. ஒரு விரற்கடை மிச்சமில்லை.

தண்ணீர் நின்றது.

எழ முயன்றார். முடியவில்லை. முழங்கையை மண் பிடித்திருந்தது. மார்பின்மேல் மெதுவாக, போர்வை இழுத்துவிடுவதுபோல், களிமண் ஏறியது. குளிர்ந்தது. வாய்க்குள் வந்தது. கண்ணுக்குள் வந்தது. மூச்சு தேவைப்படவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

எவ்வளவு நேரமோ. தூரத்தில் பெரிய உறுமல், பிறகு கூச்சல், கைதட்டல். புது வழி திறந்துகொண்டது. அவருக்குத் தெரிந்தது, பக்கவாட்டில் அழுத்திய தண்ணீர் ஒரு விரல் இறங்கியது.

மேலே காலடிகள்.

"என்னங்க! எங்க இருக்கீங்க? என்னங்க!"

"ஷட்டர் ரூம்லயும் இல்லக்கா. அழாதீங்க, ஆளுங்க தேடுறாங்க. யாரோ உள்ள களிமண்ணை அடைச்சிருக்கான், நாங்களே இறங்கி மண்வெட்டியால வெட்டினோம். இன்னும் அரை மணி விட்டிருந்தா..."

"நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு ஊரே இல்ல, தம்பி."

இங்கே இருக்கேன் என்று கத்தினார். மண் எதையும் வெளியே விடவில்லை.

"ஓரத்துல போகாதீங்கக்கா, சரியுது. இங்க வாங்க, இந்த இடம் மட்டும் நல்லா கெட்டியா இருக்கு."

இரண்டு பேர் அவர் நெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள். நாலு கால். ஒரே குடை போலிருந்தது. மழை ஒரு வட்டத்துக்குள் விழவில்லை. அவள் விம்முவதும், அவன் ஏதோ சொல்வதும், அவள் விம்மல் மெல்ல அடங்குவதும் கேட்டது.

அவருக்குள் எங்கோ ஒன்று எரிந்தது.

தொப்.

விலா எலும்புக்கு அடியில். மிகப் பக்கத்தில்.

தொப்.

முதுகுக்குக் கீழே, கரையின் வயிற்றுக்குள், பத்து விரல்கள் மண்ணைப் பறித்து எறிந்துகொண்டிருந்தன. நிறுத்து என்று தன் கைகளுக்குச் சொன்னார். மேலே அவள் சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கலாம், தம்பி."

விரல்கள் வேகமெடுத்தன.