பின்சீட்டு ஈரம்

"பெல்ட் ஈரமா இருக்குதுங்கம்மா" என்றாள் நந்திதா.

தாராபுரத்தில் தன் அம்மா வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பப் போன லோகப்பிரியா, முன்சீட்டுகளுக்கு நடுவே உடம்பை வளைத்துக் கையை நீட்டி, மகள் உட்கார்ந்திருந்த இடது பக்க பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்தான். வெறும் தண்ணீராக இருந்தால் தேவலை. குழந்தை நாளெல்லாம் வாயில் வைத்துச் சப்பிய கைக்குட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன, மழையும் இன்னும் இறங்கவில்லை. ஏசி தண்ணீர் எங்கிருந்தோ கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துப்பட்டாவில் விரல்களைத் துடைத்தாள். வலது பக்கச் சீட்டை, கதவு வரைக்கும், தேங்காய் மூட்டைகள் அடைத்திருந்தன. முன்னால் உட்கார வைக்கலாமென்றால் அந்த பெல்ட் பூட்டுவதே இல்லை. ஆறு வயதுக் குழந்தையை பெல்ட் இல்லாமல் கூட்டிப்போக அவளுக்கு மனம் வரவில்லை.

வண்டி, அவள் கணவன் கதிர்வேல் துடியலூரில் ஒரு புரோக்கரிடம் வாங்கியது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து காங்கேயம் காளையைச் சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்கிய குடும்பம் அது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடி ஓய்ந்த இந்தக் கறுப்புப் பெரிய வண்டியை மட்டும், கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டே வாங்கிவிட்டான். "சத்தத்தப் பாரு அம்மணி, கோயில் கதவாட்டம்" என்று பெருமை வேறு. ஒரே வாரத்தில் சாயம் வெளுத்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் சேற்றில் கால் வைத்ததுபோல் இறங்கியது. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிவது தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். காலடி விரிப்பைத் தூக்கினால் தகரம் துருப்பிடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. கதவுப் பூட்டுகளோ தமக்குத் தோன்றியபோது டக்கென்று விழும், தோன்றியபோது திறக்கும். கருமத்தம்பட்டி மெக்கானிக் அஃபான் ஒவ்வொன்றாகச் சரிசெய்து பார்த்தான். பின்சீட்டை மட்டும் அவனால் கழற்ற முடியவில்லை.

"போல்ட்டு அசையமாட்டேங்குதுங்க அக்கா. உள்ளருந்து ஆரோ புடிச்சுட்டு இருக்கறாப்புல இருக்குது" என்று சிரித்தான் அவன்.

இது போதாதென்று நாற்றம். போன மாதம் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டினார்கள். அங்கே கறியைக் கோயில் எல்லைக்குள்ளேயே தின்று தீர்க்க வேண்டும். மிஞ்சினால் குழி தோண்டிப் புதைக்க வேண்டுமே தவிர, ஒரு துண்டு வெளியே போகக்கூடாது. கதிர்வேலுக்கோ தன் வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பங்காளிகளுக்குக் காட்டியாக வேண்டும். மிஞ்சிய கறியை அண்டாவோடு பின்சீட்டில் தூக்கி வைத்துக் கொண்டுவந்தான். வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியதில் அண்டா சாய்ந்து, குழம்பு முழுக்கச் சீட்டில் ஊறியது. அதற்குப் பிறகு வண்டியில் ஏறினவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லை தாண்டுன கறிங்க, பின்ன எப்படி இருக்கும்" என்றார்கள். லோகப்பிரியா ஷாம்பு ஊற்றித் தேய்த்தாள், காபித்தூள் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சையை அறுத்து வைத்தால், மறுநாள் சதை இருக்காது, தோல் மட்டும் கிடக்கும். எலி என்று நினைத்துக்கொண்டாள். வண்டி வந்த முதல் நாளே, புரோக்கர் அடித்துவிட்டிருந்த சென்ட் வாசனைக்கு அடியில் இதே நாற்றம் இருந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கதிர்வேலின் முகம் சுருங்கிப்போகும் என்று விட்டுவிட்டாள்.

குண்டடம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம். காற்றாலைகள் மேகத்துக்குள் தலை மறைந்து சுற்றிக்கொண்டிருந்தன. முன்கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியாமல் போக, வேறு வழியில்லாமல் அவள் ஏசியைப் போட்டாள். புளித்த பாலும் ஊசிப்போன கறியும் விளக்காத வாயும் சேர்ந்த அந்த நாற்றம், குளிர்ந்த காற்றாக வராமல் வெதுவெதுப்பாக, யாரோ கிட்டத்தில் வந்து மூச்சு விடுவது மாதிரி விட்டு விட்டு அவள் முகத்தில் அடித்தது. எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

வைப்பர் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. சவக் சவக்கென்று, வாயை மூடாமல் மெல்லுகிற சத்தம்.

"என்ன கண்ணு திங்கற?"

"நான் ஒண்ணும் திங்கலீங்கம்மா. அதுதான் திங்குது."

"எது?"

"சீட்டுக்குள்ள இருக்கறது. மொதல்ல எல்லாம் தயிர்சோறு குடுத்தாத் திங்கும். கறி தின்னதுக்கப்புறம் சோறு வேண்டாங்குது."

லோகப்பிரியாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவ்வளவு நாளாக இந்தக் கழுதை டிபன் பாக்ஸில் மிஞ்சியதை எல்லாம் சீட்டுச் சந்தில் திணித்து வைத்திருக்கிறாள். நாறாமல் என்ன செய்யும்? அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்குப் போனதும் சீட்டைக் கிழித்தாவது சுத்தம் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அப்போதுதான் எலுமிச்சைத் தோல் ஞாபகத்துக்கு வந்தது. சுரண்டி எடுத்ததுபோல் அத்தனை சுத்தமாக இருந்த தோல்.

"இப்ப அதுக்கு என்ன குடுத்த கண்ணு?" என்று கேட்டாள். கேட்கவே பிடிக்கவில்லை.

"ஒண்ணும் குடுக்கலீங்கம்மா. அதுவே என்ற சடை ரிப்பனச் சப்பிட்டு இருக்குது."

லோகப்பிரியா பிரேக்கை மிதித்தாள். கால் தரை வரைக்கும் இறங்கியது. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்தாள். வண்டி சறுக்கிப்போய் ரோட்டோரச் சேற்றில் இறங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது. சாவியும் போனும் இருந்த இடத்திலேயே இருக்க, அவள் மழையில் குதித்து இடது பக்கம் ஓடினாள்.

டக்.

எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன.

"கதவத் தொற கண்ணு."

"கை எட்டலீங்கம்மா. பெல்ட்டு இறுக்குது."

கைப்பிடியை இழுத்தாள். நகம் பிய்ந்தது. மறுபடி இழுத்தாள். எஞ்சின் ஓடவில்லை, ஆனாலும் ஏசி ஊதுகிற சத்தம் கேட்டது. உள்ளே கண்ணாடியில் ஆவி ஏறியது. மகளின் முகம் மங்கியது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கல்லைத் தேடி எடுத்தாள். அடித்தாள். கீறல் விழுந்தது, உடையவில்லை.

நந்திதாவின் உள்ளங்கை கண்ணாடியில் வந்து ஒட்டியது.

வழுக்கியது.

கீழே போனது.

அந்தச் சத்தம் இப்போது வெளியிலேயே கேட்டது. சவக். சவக்.

டக்.

கதவைத் திறந்தாள். சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் பூட்டியபடியே இருந்தது. சீட்டோடு சீட்டாக இறுகி, நூல் நூலாக எச்சில் வடிய. மறுபக்கம் தேங்காய் மூட்டைகள் அசையாமல் இருந்தன. சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே, சந்தில், சிவப்பு ரிப்பனின் நுனி. அது மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா."

குரல் சீட்டுக்குள்ளிருந்து வந்தது. அமுங்கிப்போன குரல்.

"இங்கயும் ஈரமா இருக்குதுங்கம்மா."

லோகப்பிரியா கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. பஞ்சு இல்லை. கம்பி இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது. மகளின் கை. கண்ணாடி வளையல் தட்டுப்பட்டது. இழுத்தாள். வந்தது. கொஞ்சம் வந்தது.

பிறகு, அவள் முழங்கையைச் சுற்றி, பற்கள். பால்பற்கள் அளவுக்குச் சின்னச் சின்னதாக. வரிசைக்குப் பின்னால் வரிசையாக.

அவை மெல்லத் தொடங்கின.