கேற்றுக்கு உள்ளே இருந்த தண்ணீர்

சிரோக்கோ வீசத் தொடங்கியதும் எமிலியானாவின் அம்மா சறோஜா அந்தப் பெரிய வில்லா முழுக்க ஓடி ஓடி யன்னல்களைச் சாத்தினார். ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிற காற்று அது. அடுப்படியில் குனிந்ததுபோல முகத்தில் சுடும்.

"அம்மா, எங்கட வீட்டு யன்னல் திறந்துதான் கிடக்கு," என்றாள் எமிலியானா.

"கிடக்கட்டும். எங்கட வீட்டிலை வெள்ளைச் சோபாவே இருக்கு, தூசி படுறதுக்கு?"

எமிலியானாவுக்குப் பதினொரு வயது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊருக்கு மேலே உள்ள மலைச்சரிவில் அந்த வில்லா இருந்தது. அது லவீனியா அம்மணியுடையது. இத்தாலியனில் 'சிஞ்ஞோரா' லவீனியா. அதன் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் எமிலியானாவும் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு வில்லாவில்தான் வேலை. அப்பா ஜோக்கிம் கீழே கடற்கரையில், மீன் உணவகம் ஒன்றில் சமையல் வேலை செய்தார்.

வில்லாவில் ஒரு நீச்சல்குளம் உண்டு. அதில் எமிலியானா இறங்கக் கூடாது என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. ஆனால் மதிலோரக் கொடியிலிருந்து அதில் விழுகிற கடதாசிப் பூக்களை நீளத் தடி போட்ட வலையால் அள்ளலாம். அதற்கு மட்டும் எந்தத் தடையும் இருக்கவில்லை.

அன்று சிஞ்ஞோரா வீட்டில் இல்லை. சிநேகிதிகளோடு படகில் ஏதோ ஒரு தீவுக்குப் போயிருந்தார். எமிலியானா பூ அள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது கறுப்பாக ஏதோ ஒன்று தண்ணீரில் வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. தொட்டுப் பார்த்தாள். விரலில் கரியாக ஒட்டியது.

ஓடிப்போய் வாசல் கேற்றுக் கம்பிகளுக்குள்ளால் பார்த்தாள். எதிர் மலையின் உச்சியிலிருந்து நெருப்பு காய்ந்த புல் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம், பாதாம் தோப்புக்குக் கீழே, மார்த்தினாவின் வீடு. அவள் எமிலியானாவின் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பா ஜெரோலமோ ஆடு வளர்க்கிறவர். வெயில் கடுமை என்று ஆடுகளை அன்று பட்டியிலேயே அடைத்திருந்தார்.

"அம்மா! நெருப்பு!"

அவசர எண்ணுக்கு எமிலியானாதான் எடுத்தாள். அவளுடைய இத்தாலியன் அம்மாவுடையதைவிட நல்லது. எந்த வீதி, எந்தச் சந்தி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்றெல்லாம் மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள். எமிலியானா அழாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கெட்டிக்காரி," என்றாள் அந்தப் பெண். "இன்றைக்கு இருபது இடத்தில் எரிகிறது. பெரிய வண்டிகள் எல்லாம் வெளியே. உங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களை அனுப்புகிறேன்."

தொண்டர்களின் வண்டி வளைவுகளில் ஊளையிட்டுக்கொண்டு ஏறி வந்தது. பெரிய சிவப்பு வண்டி இல்லை. முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் தண்ணீர் இறைக்கும் மிசினையும் சுருட்டிய குழாயையும் சுமந்த பழைய பிக்-அப். அதிலிருந்து நாலு பேர் குதித்தார்கள். தலைவி நுன்சியா கீழே ஊரில் பாண் சுட்டு விற்கும் கடை வைத்திருப்பவர். நாலு பேரில் ஒருவர் விமலராஜ். பகலில் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை, ஓய்வு நாளில் நெருப்பு அணைக்கும் வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது.

இருவர் நீண்ட பிடி போட்ட றப்பர்த் தட்டுகளால் புல்லில் பரவும் நெருப்பை அடித்தார்கள். நுன்சியா குழாயைப் பிடித்தார். தோப்பின் மேல் ஓரம் கொஞ்சம் அடங்கியது. அதற்குள் தொட்டி காலியாகிவிட்டது. குழாய் இரண்டு தரம் இருமி நின்றது.

தண்ணீர் நிரப்பக் கீழே ஊருக்குத்தான் போகவேண்டும். போய்வருவதற்குள் பட்டி எரிந்துவிடும்.

நுன்சியா திரும்பினார். கேற்றுக் கம்பிகளுக்குள்ளால் நீலமாகத் தெரிந்த குளத்தைப் பார்த்தார். விமலராஜ் கேற்றுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, கேற்றைத் திறவுங்கோ. மிசினை வைச்சுக் குளத்துத் தண்ணியை இறைப்பம். கெதியா!"

"பொறு தம்பி, சிஞ்ஞோராவைக் கேக்கிறன்."

சறோஜா போன் எடுத்தார். பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார். சிஞ்ஞோராவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நெருப்பு என் வீட்டுக்கா வருகிறது?"

"இல்லை, சிஞ்ஞோரா. காற்று அந்தப் பக்கம். ஜெரோலமோவின் வீட்டுக்கு."

"அப்படியானால் என் கேற்றை ஏன் திறக்கவேண்டும்? தீயணைப்புப் படை வரட்டும். நான் இல்லாத நேரத்தில் கண்டவர்களும் உள்ளே வரக் கூடாது. நீதான் பொறுப்பு, சறோஜா."

போன் அடங்கியது. நுன்சியா மதிலை அண்ணாந்து பார்த்தார். இரண்டு ஆள் உயரம். மேலே ஈட்டி ஈட்டியாக இரும்பு. பாரமான மிசினை அதற்கு மேலால் தூக்கிப் போட முடியாது.

"அக்கா..." என்றார் விமலராஜ்.

"வேலை மட்டும் இல்லைத் தம்பி. நாங்கள் படுக்கிற வீடும் அவவின்ரைதான். நாளைக்குப் பிள்ளையோடை எங்கை போறது?"

கேற்றின் ரிமோட் சறோஜாவின் கையில் இருந்தது. எமிலியானா அதைப் பார்த்தாள். வீதிக்கு அப்பால் ஆடுகளின் கழுத்து மணிகள் ஒன்றோடொன்று அடிபடுவது கேட்டது. நடுவில் மார்த்தினா "பப்பா! பப்பா!" என்று கத்தினாள்.

எமிலியானா அம்மாவின் கையிலிருந்து ரிமோட்டைப் பறித்து அழுத்தினாள்.

கேற் எப்போதும்போலச் சோம்பலாகத் திறந்தது. அது முழுதாகத் திறக்கும்வரை யாரும் நிற்கவில்லை. உடம்பைச் சரித்துக்கொண்டு நுழைந்தார்கள். மிசினை இருவர் தூக்கி வந்து குளக்கரையில் தொப்பென்று வைத்தார்கள். விளிம்பில் பதித்திருந்த நீலத் தட்டோடு ஒன்று உடைந்தது. சறோஜா கண்ணை மூடிக்கொண்டார்.

விமலராஜ் கயிற்றை இழுத்தார். மிசின் சும்மா இருந்தது. திரும்ப இழுத்தார். செருமியது. மூன்றாவது இழுவைக்குக் கத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது. வீதியைத் தாண்டிக் கிடந்த துணிக் குழாய் பாம்புபோல உப்பி எழுந்தது.

ஆனால் சற்று நேரத்தில் மிசினின் குரல் மாறியது. மூச்சு முட்டுகிறவர்போல இழுத்தது.

"வாய் அடைச்சுப்போட்டுது!" என்று விமலராஜ் கத்தினார். குளத்துக்குள் விட்டிருந்த குழாயின் வாயில் ஒரு கம்பிக்கூடை உண்டு. பூவும் சாம்பலும் அதை மூடிவிட்டன.

எமிலியானா குளத்துக்குள் குதித்தாள். இத்தனை நாளில் அதுதான் முதல்தரம்.

"சப்பாத்தோடையாடீ!" என்று சறோஜா அலறினார்.

எமிலியானா கூடையைப் பிடித்து, விரல்களால் பூவை வழித்து வழித்து எறிந்தாள். மிசின் மூச்சு விட்டது. மறுபடி அடைத்தது. மறுபடி வழித்தாள். திடீரென்று அவளுக்குப் பக்கத்தில் வலை வந்து விழுந்தது. அம்மா கரையில் நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, பூக்களையும் சாம்பலையும் கூடைப்பக்கம் வரவிடாமல் அள்ளிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எமிலியானாவின் கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியது. இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. கடைசியில் அவள் கறுப்புச் சேற்றில் நின்றாள்.

மார்த்தினாவின் வீடு தப்பியது. ஆடுகள் தப்பின. பாதாம் தோப்பு தப்பவில்லை. விமலராஜின் இடது கை முழங்கைவரை வெந்திருந்தது. ஜெரோலமோ நுன்சியாவைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு சறோஜாவிடம் வந்தார்.

"சாகும்வரை மறக்கமாட்டேன், சிஞ்ஞோரா," என்றார்.

இரண்டு நாளில் சிஞ்ஞோரா லவீனியா திரும்பி வந்தார். வெறுங்குளத்தையும் உடைந்த தட்டோட்டையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. மாத முடிவில் வீட்டை விட்டுப் போய்விடவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"அம்மா திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்," என்றாள் எமிலியானா.

"ஒரு பிள்ளையையே அடக்கமுடியாதவளிடம் ஒரு வீட்டை எப்படி ஒப்படைப்பது?" என்று சிஞ்ஞோரா சறோஜாவைப் பார்த்துக் கேட்டார்.

அன்று மாலை அப்பா ஜோக்கிம், ஜெரோலமோவிடம் போனார். எமிலியானாவும் கூடப் போனாள். எங்களுக்காகச் சிஞ்ஞோராவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அப்பா கேட்டார். ஜெரோலமோவின் ஆடுகள் மேய்வது சிஞ்ஞோராவின் நிலத்தில். அவர் அப்பாவைப் பார்க்காமல் ஆடுகளையே பார்த்தார்.

"நான் நெருப்போடு நின்றேன். கேற்றடியில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

மார்த்தினா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய காதுகள் சிவந்துபோயிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஒரு விழா வைத்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் ஒலிவாங்கியில் பேசினார். தொண்டர்களைப் பாராட்டினார். பிறகு, "ஆபத்தில் தன் குளத்தையே ஊருக்குக் கொடுத்த சிஞ்ஞோரா லவீனியா!" என்று அழைத்தார்.

சிஞ்ஞோரா வெள்ளை உடையில் மேடைக்குப் போய், பளபளக்கும் பட்டயம் ஒன்றை வாங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெரோலமோவும் தட்டினார்.

"இதென்னம்மா?" என்றாள் எமிலியானா. அப்பா நிலத்தைப் பார்த்தார்.

முன்வரிசையில் நுன்சியா எழுந்தார். அவர் முகம் கோபத்தில் கறுத்திருந்தது. ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். எமிலியானா கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள். இப்போது சொல்லப்போகிறார்!

நுன்சியாவின் போன் அடித்தது. அடுத்த பள்ளத்தாக்கில் நெருப்பு. அவர் ஒரு கணம் மேடையைப் பார்த்தார். ஒரு கணம் எமிலியானாவைப் பார்த்தார். பிறகு தொண்டர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு விமலராஜும் ஓடினார்.

சொல்ல வேண்டியவர்கள் போய்விட்டார்கள். எமிலியானா எழுந்து மேடையடிக்குப் போனாள்.

"சிஞ்ஞோரா," என்றாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "கேற்றைத் திறந்தது நல்ல காரியம் என்றுதானே உங்களுக்கு இதைத் தந்திருக்கிறார்கள்? அப்படியென்றால் அம்மாவை ஏன் போகச் சொன்னீர்கள்?"

யாரோ ஒருவர் இருமினார்.

சிஞ்ஞோரா குனிந்து அவளுடைய கன்னத்தைத் தட்டினார். "இதைப் பிறகு கதைப்போம், செல்லம்," என்று புன்னகைத்தார்.

கழுத்துப்பட்டிக்காரர் மறுபடி கைதட்டத் தொடங்கினார். சிலர் தட்டினார்கள். சிலர் தட்டவில்லை. மார்த்தினா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஜெரோலமோ வெளியே போய்விட்டார்.

சிஞ்ஞோரா பிறகு கதைக்கவே இல்லை.

அப்பா நகரத்துக்குள், சீசா என்ற பகுதியில், ஒரு மாடிவீடு தேடிப் பிடித்தார். ஒரு அறை, பஸ் சத்தம், கீழே மரக்கறிக் கடை. சாமான் ஏற்ற விமலராஜ் தொண்டர்களின் பிக்-அப்பைக் கொண்டுவந்தார். தொட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். நுன்சியா தலையணைகளைச் சுமந்தார்.

"விழாவன்று நான் ஒரு நிமிடம் நின்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டும்," என்றார் எமிலியானாவிடம்.

"அங்கே யார் வீடு எரிந்தது?"

"ஒரு கிழவருடைய வீடு."

"காப்பாற்றினீர்களா?"

"ஆம்."

"அப்படியென்றால் பரவாயில்லை," என்றாள் எமிலியானா. ஆனால் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கத்தான் செய்தது.

ஊரிலிருந்து மார்த்தினா மட்டும் வந்தாள். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெரோலமோ அவளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. கதிரையை ஏற்றிவிட்டு, அடுத்ததைத் தூக்கப் போனாள்.

அப்பாவும் நுன்சியாவும் சாமான்களோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்னால் விமலராஜுக்குப் பக்கத்தில் எமிலியானாவும் அம்மாவும் நெருக்கியடித்து இருந்தார்கள். நெருப்பு நாளிலிருந்து அம்மா அவளோடு அளவாகத்தான் கதைத்தார். சாப்பிடு, குளி, படு. அவ்வளவுதான்.

"அம்மா, என்னிலை இன்னும் கோவமே?"

சறோஜா கறுத்துக் கிடந்த மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கோவம்தான். உன்னிலை இல்லை."

"பின்னை ஆரிலை?"

"ரிமோட் என்ரை கையிலைதானே இருந்தது, பிள்ளை. நான் அதைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நிண்டன்."

எமிலியானா அம்மாவின் கையைப் பிடித்தாள். சவர்க்காரத்தில் காய்ந்து சொரசொரத்த கை. விமலராஜ் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

வண்டி கடைசி வளைவில் திரும்பியது. கீழே கடல் தெரிந்தது.

"இனி ஒருக்கா அப்பிடி நடந்தால், அம்மா?"

"நடந்தால் நீ என்ரை கையிலை இருந்து பறிக்கத் தேவையில்லை," என்றார் சறோஜா. "நான் உன்னை முந்திப்போடுவன்."

"பாப்பம்," என்றாள் எமிலியானா.