பன்னிரண்டுக்கு அடுத்த விளக்கு

ஹோம்ஸி கிராம மண்டபத்துக் கதவு ஒரே திருப்பில் திறக்காது. சாவியை ஒரு தடவை திருப்பி, கதவை முழங்காலால் ஓர் இடி இடித்து, மறுபடி திருப்ப வேண்டும். மேவிஸ் கட்லாக்குக்கு மூன்று வருஷமாக அப்படி இடித்து இடித்து வலது முழங்காலே காய்த்துப் போயிருந்தது. ஊராட்சி மன்றத்துக்கு அவள்தான் எழுத்தர். வருஷத்துக்கு நாலு முறை வரும் ஊர்ச் செய்தி மடலுக்கும் அவளே எல்லாம். எழுதுவது, அச்சடிப்பது, மடிப்பது, அப்புறம் ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவதும் அவள்தான்.

அந்த நவம்பர் மதியம் குளிர்கால இதழை முடிக்க வந்திருந்தாள். உள்ளே ஈரச் சுவரும் பழைய திரைச்சீலையும் கலந்த வாடை. மண்டபத்துக் கொதிகலன் இழுப்பு நோய்க்காரன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எழுத வேண்டிய செய்திகளுக்குக் குறைவில்லை. கொதிகலனுக்கு இது கடைசிக் குளிர்காலமாக இருக்கலாம். வெட்டாற்று நடைபாலத்தில் இரண்டு பலகை ஆடுகிறது, பார்த்துக் கால் வைக்கவும். கிறிஸ்துமஸ் பாட்டு இருபதாம் தேதி, பலகாரம் கொண்டுவருகிறவர்கள் பெயர் கொடுக்கவும், சென்ற வருஷம் போல ஏழு பேரும் ஒரே கேக்கைக் கொண்டுவர வேண்டாம்.

மிச்சம் இருந்தது புகார்ப் பட்டியல். மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும். விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்றால் அதை நிரப்பி, வெட்டி, மண்டப வாசலில் இருக்கும் சிவப்புத் தகரப் பெட்டியில் போட வேண்டும். மேவிஸ் பெட்டியைக் கவிழ்த்தாள். ஐந்து சீட்டு விழுந்தன. நாலு காய்ந்தவை. ஒன்று மட்டும் சொதசொதவென்று ஈரம்.

அதைத் தொடாமலே அவளுக்குத் தெரியும் என்ன எழுதியிருக்கும் என்று.

விளக்கு எண்: 13. கோளாறு: எரியவில்லை. பெயர்: ஐ. செட்சல்.

பழைய மைப்பேனாவின் சாய்ந்த கையெழுத்து. மூன்று வருஷமாக, ஒவ்வோர் இதழுக்கும் ஒன்று தவறாமல் வந்துகொண்டிருந்தது. மழைத்துளி புக முடியாத பெட்டிக்குள் அது மட்டும் எப்படி நனைகிறது என்பது ஒன்று. ஹோம்ஸியில் பதிமூன்றாம் விளக்கே கிடையாது என்பது இன்னொன்று. ராசியில்லாத எண்ணென்று அந்த ஊரில் வீட்டுக்கே பதிமூன்று வைக்க மாட்டார்கள், விளக்குக்கா வைப்பார்கள்? வெட்டாற்றங்கரையில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினாலு. செட்சல் என்ற பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை.

கையெழுத்துப் போட வந்திருந்த மன்றத் தலைவர் டெஸ்மண்ட் சீட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார். எழுபத்தஞ்சு வயசிலும் எதையும் கேலியாகவே எடுத்துக்கொள்ளும் மனுஷர்.

"சரி பண்ணியாச்சுன்னு போட்டு விடு மேவிஸ். இல்லாத வெளக்கை எவன் போய்ப் பார்க்கப் போறான்?"

மேவிஸும் சிரித்துவிட்டாள். யாரோ வேலையற்றவன் விளையாடுகிறான், நாமும் விளையாடினால் என்ன? தட்டச்சு செய்தாள். சரி செய்யப்பட்டவை: விளக்கு 4, விளக்கு 9, விளக்கு 13.

விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் கணவன் நெவிலுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஜனவரியில்தான் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்திருந்தது. அதுவரை பகலெல்லாம் அவனுக்குப் பால் கலந்த தண்ணீர். இருட்டினால் விளக்குகள் மட்டும் பஞ்சுப் பொதியாகத் தெரியும். ஆனாலும் பிஸ்கட்டை, அதுதான் நாயின் பெயர், தினமும் கடைவரை நடத்திக்கொண்டு போய்விட்டு மண்டபத்து வழியாகக் கரையோடு வீடு திரும்புவான். கூட ஆள் வரட்டும் என்றால் கோபம் வந்துவிடும். வீடு வெட்டாற்றுக்கு அந்தப்புறம். வழியை அவன் விளக்கெண்ணி வைத்திருந்தான்.

"மண்டபத்துக்கு நேரா பத்து. அப்புறம் பதினொண்ணு, பன்னெண்டு. பன்னெண்டு தாண்டி அடுத்த வெளக்குல இடது பக்கம் திரும்பு, பாலம். கண்ணு எதுக்கு எனக்கு?" என்பான்.

பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவே மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு தூரம் இருட்டு. அது ஏன் என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை. நெவிலும் யோசிக்கவில்லை.

இதழ் டிசம்பர் முதல் வாரம் வீடு வீடாகப் போனது. அடுத்த வியாழக்கிழமை மூடுபனி. சாயங்காலம் நாலு மணிக்கே ஊர் இருட்டிவிட்டது. மேவிஸ் மண்டபத்தில் பாட்டு நிகழ்ச்சிக்கு மின்வயர் தேடிக்கொண்டிருந்தாள். நாலரைக்கு ஜன்னலில் டொக் டொக் என்று கைத்தடி தட்டியது. நெவில்தான். தினமும் போகிறபோக்கில் அப்படித் தட்டிவிட்டுப் போவான். பிஸ்கட் ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்து முடித்தால்தான் நகரும், அதனால் மெள்ளத்தான் நடப்பான். அவள் உள்ளிருந்தபடியே கையை ஆட்டினாள், அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

அலமாரியில், பழைய காகித நட்சத்திரத்துக்குப் பின்னால், ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் கிடந்தது. மன்றக் கூட்டக் குறிப்புகள், 1954. நடுவில் மடித்து வைத்த ஒரு வரைபடம். கரையோரம் விளக்குகள் எங்கெங்கே நடுவது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தது. பதிமூன்றின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

குறிப்பைப் படித்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பதிமூன்று ராசியில்லை, அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றுதான் மன்றம் முடிவு செய்திருக்கிறது. கம்பம் நட வந்தவர்கள் சிவப்புக் குறியைப் பார்த்துக் கம்பத்தையே விட்டுவிட்டார்கள். தப்பு நடந்தது தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குக் கீழே கடிதங்கள் பதிவாகியிருந்தன. சைக்கிளில் வீடு வீடாகப் பிரசவம் பார்க்கப் போகும் தாதி, ஐவி செட்சல், எழுதியது. கரையில் பதிமூன்றாம் விளக்கு எரியவில்லை, இருட்டில் பாலம் திரும்பும் இடம் தெரியவில்லை, குளிர்காலத்துக்கு முன் கவனிக்கவும். மூன்று கடிதம். மூன்றுக்கும் ஒரே பதில். 'ஹோம்ஸியில் 13ஆம் எண் விளக்கு கிடையாது.'

பிறகு டிசம்பரில் ஓர் இரங்கல் தீர்மானம். தாதி பாலம் என்று நினைத்து முன்னாலேயே திரும்பிவிட்டார். நீல மேல்கோட்டு மதகில் சிக்கியதால் மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

மேவிஸ் நோட்டை மூடினாள். நெவில் தினமும் சொல்வது நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டுக்கு அடுத்த விளக்கில் இடது பக்கம் திரும்பு.

ஜன்னலுக்கு ஓடினாள். பனிக்குள் பத்து தெரிந்தது, வெள்ளையாக. பதினொன்று. பன்னிரண்டு.

அதற்கு அடுத்து, இருக்கக்கூடாத அவ்வளவு பக்கத்தில், மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

அவள் கோட்டை எடுக்கவில்லை. கதவைச் சாத்தவில்லை. கரையில் ஓடினாள். அறுபத்தெட்டு வயசு, காய்த்த முழங்கால், ஆனாலும் ஓடினாள். நெவில் எப்போதும் எண்ணிக்கையை வாய்விட்டுத்தான் சொல்வான். பனிக்குள்ளிருந்து அது கேட்டது.

"பன்னெண்டு."

நெவில் என்று கத்தினாள். பனி குரலை அப்படியே விழுங்கிக்கொண்டது. எங்கோ பிஸ்கட் குரைக்காமல் முனகிக்கொண்டிருந்தது.

"அடுத்தது. இதோ வந்துருச்சு."

அவன் முதுகு தெரிந்தது. இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். நாய் நாலு காலையும் மண்ணில் ஊன்றி வாரைப் பின்னால் இழுத்தது. அவன் ஒரு காலை முன்னால் தூக்கினான்.

அந்தக் காலுக்குக் கீழே கரை இல்லை.

மேவிஸ் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். கீழே கறுப்புத் தண்ணீர் ஒருமுறை அசைந்து அடங்கியது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அங்கே விளக்கும் இல்லை, கம்பமும் இல்லை. தூரத்தில் பதினாலு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் அடுப்பங்கரையில் உட்கார்த்தித் தேநீர் கொடுத்தாள். அவன் எரிச்சலில் இருந்தான்.

"அவ்வளவு நேரம் கையப் புடிச்சு நல்லாத்தானே கூட்டிட்டு வந்தே. திடீர்னு எதுக்குக் கழுத்தப் புடிச்சு இழுத்தே?"

"நான் எப்ப நெவில் உன் கையப் புடிச்சேன்?"

"பன்னெண்டுலேருந்து. இந்தப் பக்கமா வாங்கன்னு சொன்னே. என்னடா இது புதுசா மரியாதைன்னுகூட நெனச்சேன். கை பனிக்கட்டியா இருந்துச்சு, உறை போட்டுக்க வேண்டியதுதானே."

அவன் சட்டையின் இடது கை முழங்கை வரை நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். வெட்டாற்றுச் சேற்று வாடை. சீட்டுகளிலும் அதே வாடைதான் வரும்.

மறுநாள் டெஸ்மண்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆரம்பித்தவர், நோட்டைப் புரட்டிய பிறகு கேலியை விட்டுவிட்டார். எதற்கும் ஒரு திருத்தம் போட்டுவிடு என்று மட்டும் சொன்னார். அச்சில் சொன்னதால் எரிந்தது என்றால் அச்சில் சொன்னால் அணைய வேண்டுமே. மேவிஸ் அன்றைக்கே அரைத்தாளில் அடித்து நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்ப் போட்டாள். கடைசி வீட்டுக் கதவில் தாளைச் செருகும்போதுதான் தான் எழுதியது கண்ணில் பட்டது.

'திருத்தம்: ஹோம்ஸியில் 13ஆம் எண் விளக்கு கிடையாது.'

வார்த்தை பிசகாமல் அதே பதில். நாலாவது தடவை.

எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு, தான் நெவிலை விட்டு ஓர் அடி நகராவிட்டால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதன்படியே நடந்தாள். ஒரு வாரம் தினமும் அவன் கையைக் கோத்துக்கொண்டு அவளே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மண்டபத்தில் வேலை என்றால் அவனும் நாயும் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவன் முணுமுணுத்தான், ஆனால் உட்கார்ந்திருந்தான்.

பாட்டு நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி. மறுபடி பனி. டெஸ்மண்ட் பியானோவில் ஒரு பாட்டைத் தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டிருந்தார். நெவில் நாயின் வாரை நாற்காலிக் காலில் கட்டிவிட்டு, அந்த இடத்தில் சுருதி போகிறது என்று அவரைச் சீண்டிக்கொண்டிருந்தான். கொதிகலன் திடீரென்று நின்றுபோனது. மேவிஸ் பின்னறைக்குப் போய் அதை இரண்டு உதை உதைத்துக் கிளப்பிவிட்டு வந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பும் வழியில் வாசல் பெட்டிக்குள் ஏதோ தொப்பென்று விழும் சத்தம். திறந்தாள்.

ஒரே ஒரு சீட்டு. ஈரம் சொட்டியது. அதே சாய்ந்த கையெழுத்து.

விளக்கு எண்: 14. கோளாறு: எரியவில்லை.

பதிமூன்று இல்லை. பதினாலு. அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது: பாலம் திரும்பும் இடத்தைக் காட்டுவது பதினாலுதான். உள்ளே ஓடினாள்.

நெவிலின் நாற்காலி காலியாக இருந்தது. பிஸ்கட் அதன் கீழே சுவரோடு ஒட்டிப் படுத்து உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வார் இன்னும் நாற்காலிக் காலில்தான் கட்டியிருந்தது.

டெஸ்மண்ட் பியானோவிலிருந்து தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்ததும் அவர் விரல்கள் அப்படியே நின்றன.

"என்ன மேவிஸ், இப்பத்தானே அவன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனே," என்றார். "நீலக் கோட்டு போட்டுக்கிட்டு."

அவளுடைய பழுப்புக் கோட்டு கொக்கியில் தொங்கியது.

மேவிஸ் ஜன்னலைப் பார்த்தாள். பத்து எரிந்தது. பதினொன்று எரிந்தது. பன்னிரண்டு எரிந்தது.

அதற்கப்புறம் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. மஞ்சளாக.