ஒட்டி மறைத்த விலாசம்

அந்த நோட்டில் தான் எழுதாத ஒரு வரி இருப்பதைச் சிவகாமசுந்தரி சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கண்டாள். கையெழுத்து அவளுடையதுதான். எழுத்தின் வாலை வேண்டாத நீளத்துக்கு இழுத்துவிடும் அவளுடைய கெட்ட பழக்கம்கூட அப்படியே இருந்தது. 'பெயர் இல்லை. புதன் வந்தார். முழுவதும் படித்தார். மல்லிகாவின் தாளில் வெகுநேரம் தங்கினார்.'

இது யார் கண்ணிலும் படக்கூடாத நோட்டு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் 'கிணற்றடி'யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதம் ஒருமுறை அவள் தன் கையாலேயே எழுதி, படம் வரைந்து, நூல்கட்டித் தைக்கும் பத்திரிகை அது. ஒரே ஒரு பிரதி. காஜா பெராங் தெருவில் அவள் குடியிருந்த மாடியிலிருந்து கிளம்பி, ஜாலான் பெண்டஹாரா வரை பதினாலு வீடு சுற்றி, பின்தாள்களில் வாசகர்கள் புனைபெயரில் கிறுக்கிய கருத்துகளோடு நைந்துபோய்த் திரும்பி வரும். நிஜப் பெயரும் விலாசமும் அவளிடம் மட்டும்தான். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் உறுதிமொழி வேறு: 'உங்கள் விலாசம் பிரதியை அனுப்ப மட்டுமே. யாருக்கும் காட்ட மாட்டோம். வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்.'

எழுதுவதற்கென்ன, யாரும் எழுதலாம். ஆனால் மனுஷப் புத்தி சும்மா இருக்குமா? பிரதி திரும்பி வந்ததும் எந்தக் கதையில் எண்ணெய்க் கறை, எந்தக் கவிதையில் கண்ணீர் விழுந்து மை கலைந்திருக்கிறது, எந்த வீட்டில் இரண்டு நாள் அதிகம் தங்கியது என்று துப்பறிந்து, அவரவர் விலாசத்தின் கீழேயே, ஆளுக்கு ஒரு பக்கமாக அந்த நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பாள். யாருக்கும் கெடுதல் நினைத்து அல்ல. அடுத்தவர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பதில் அப்படி ஒரு ருசி.

மூன்று மாதம் முன்பு வாசகிகளில் ஒருத்தியான மல்லிகா வந்தாள். குருபோங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரம் சீவும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் மாணிக்கவாசகத்தின் மனைவி. அவர் இஸ்திரிப் பெட்டியால் சுட்ட தழும்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருந்தது. தப்பி ஓடி வந்து டவுனில் ஒளிந்திருந்தாள்.

"அக்கா, எம் பேரையும் எடத்தையும் எடுத்துடுங்க. அவரு கையில மாட்டுனா இந்தத் தடவ உசுரோட விட மாட்டாரு."

"எடுத்தாச்சுன்னு வச்சுக்க, போ."

எடுக்கவில்லை. தாளைக் கிழித்தால் பின்புறத்தில் இன்னொரு வாசகியைப் பற்றிய அருமையான குறிப்புகள் போய்விடும். அதனால் மல்லிகாவின் விலாசத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டாள். ஒட்டியது போதாதா என்ன?

போன வாரம் மண்டோரே படியேறி வந்தார். நல்ல மரியாதை. "உங்க பத்திரிகைய மல்லிகான்னு யாராச்சும் படிக்கிறாங்களா? வீட்டுக்காரிதான். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா." இல்லை என்று அவள் சொன்னபோது, அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி அலமாரியில் போய் நின்றது. புதன்கிழமை கீழ்க்கடை ஷரீஃபுதீன் காக்கா சேதி சொன்னார்: "தங்கச்சி, அந்த மண்டோரு ஆத்துல மெதந்தாராம். நேத்துப் பாலத்தடியில எடுத்திருக்காங்க." சனியன் தொலைந்தது என்று சிவகாமசுந்தரி பெருமூச்சு விட்டாள். சேதியைச் சுதந்திரச் சிறப்பிதழோடு சேர்த்தே மல்லிகாவிடம் சொல்லிக்கொள்ளலாம், இனி எதற்குத் தாளைக் கிழிப்பது என்றும் நினைத்தாள்.

இன்று மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். தெருவே திடலுக்குப் போய்விட்டது. கணவர் தியாகு வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று, "நெசமாவே வரலியா? இந்த நாளு இன்னொரு தடவ வருமா?" என்று கேட்டார். சிறப்பிதழை மாலைக்குள் முடிக்கும் அவசரத்தில் அவள்தான், "வெளியே பூட்டிட்டுப் போங்க. யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாது" என்றாள். அவரும் படிக்கதவைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். மாடிக்கு வேறு வழி கிடையாது.

இப்போது அந்தப் பூட்டுதான் அவள் நினைவுக்கு வந்தது.

ஷரீஃபுதீன் கடை மூடியிருந்ததால் வழக்கமாக மேலே ஏறி வரும் மிளகாய், கருவாட்டு வாசனை எதுவும் இல்லாமல், வேறொரு வாசனை மரத்தரையின் இடுக்குகள் வழியாகக் கசிந்து, கூடம் முழுக்கப் பரவி, அவள் சேலைத் தலைப்பில்கூட ஏறியிருந்தது. வற்றிய ஆற்றுச் சேற்றின் வாசனை. எங்கோ தொலைவில் ஒலிபெருக்கி கரகரத்தது. நோட்டை மேசைமேல் போட்டுவிட்டுச் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வெயில் காயும் சடக்கில், தெருக்கோடி வரைக்கும், ஓர் ஆள் இல்லை.

"யாராச்சும் இருக்கீங்களா?"

எதிர்வீட்டுப் பூனை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்ததும் முதுகைக் கூன்போட்டுச் சிலிர்த்துக்கொண்டு உள்ளே ஓடியது. அது பார்த்தது அவளை அல்ல, அவளுக்குப் பின்னால்.

பின்னால் தாள் புரண்டது.

சர்ரென்று ஒரு தாள். நின்று, நிதானமாக இன்னொரு தாள். காற்று அப்படிப் புரட்டாது. திரும்பினாள். யாரும் இல்லை. நோட்டு மல்லிகாவின் தாளில் விரிந்து கிடந்தது. தாள் ஓரமெல்லாம் ஈரம். ஒட்டிய துண்டின் ஒரு முனை ஊறித் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி, மை இன்னும் காயாமல்: 'சனி. மறுபடி வந்தார். வீட்டில் ஒருத்தி மட்டும். சன்னலைத் திறந்தாள்.'

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். செத்தும் அந்த ஆள் தேடுவதை விடவில்லை. இரண்டே தெரு தள்ளி, பின்கட்டு அறையில், செத்த சேதிகூடத் தெரியாமல் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே அவள் உயிர் நாலு சோற்றுப் பருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுப்படிக்கு ஓடித் தீப்பெட்டியை எடுத்தாள். பெட்டி கையில் பிசுபிசுத்தது. குச்சிகள் ஊறியிருந்தன. ஒன்றை உரசினாள். மருந்து உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது. கூடத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள்.

'தீப்பெட்டி எடுத்தாள். பயப்படுகிறாள்.'

துண்டு பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. பழைய மையில் தெருப்பெயரின் முதல் எழுத்து தெரிந்தது. அவள் கண்ணெதிரிலேயே இரண்டாவது எழுத்தும் தெரிந்தது.

படிக்கதவைப் போய் உலுக்கினாள். பூட்டு அடித்துக்கொண்டதே தவிர அசையவில்லை. திரும்பி வந்தாள். தாளைப் பற்றினாள். கிழித்தாள். சன்னல் வழியே எறிந்தால் தெருவில் கிடக்கும். ஒளித்தால் தேடும். வாயில் திணித்துக்கொண்டாள்.

சேறு. மை. புளித்த சோறு. மென்றாள். விழுங்கினாள். கடைசித் துணுக்கு வரை.

இனி அந்த விலாசம் எங்கும் எழுத்தில் இல்லை.

கூடம் அமைதியானது. சேற்று வாசனைகூடச் சற்றுக் குறைந்தது போலிருந்தது. மேசைக்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்பாடா என்று கண்ணை மூடப் போனவள், மேசைமேல் பேனா மெல்ல உருள்வதைக் கேட்டாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள்.

புதுத் தாள். மேலே அவள் பெயர்.

'சிவகாமசுந்தரி. மல்லிகாவின் விலாசம் இவளுக்கு மனப்பாடம்.'

எழுந்திருக்க முடியவில்லை. தோள்மேல் ஏதோ கனத்தது. குளிர்ந்த கனம். சேலை நனைந்தது. திடலில் பெருங்கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் அவள் முனகல் யாருக்குக் கேட்கும்? பல்லைக் கடித்துக்கொண்டாள். உதட்டை இறுக மூடினாள்.

காதருகே, நாக்கில் விரல் தொட்டு ஈரமாக்கிக்கொள்ளும் மெல்லிய சத்தம்.

பிறகு ஊறிச் சுருங்கிய ஒரு விரல்நுனி அவள் கடைவாயில் பட்டது. அவசரமில்லை. மேலே தடவியது. கீழே தடவியது. பிரித்தெடுக்க விளிம்பு தேடியது.

கிடைத்துவிட்டது.