ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து வந்த எடை

பொகவந்தலாவை பஸ்ஸிலிருந்து பிரதாப் இறங்கியபோது மதியம்தான். ஆனாலும் மூடுபனி தேயிலைச் செடிகளை மறைத்துவிட்டு, தோட்டத்து ஆபீஸ் படிவரை வந்து நின்றது. சின்ன வேலை என்று சொல்லித்தான் ஹட்டன் கணினி அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். புதிய தொழிலாளி ஒருவரின் பெயரைக் கணினியில் பதிந்தால், கொழும்பிலுள்ள சர்வர் ஏற்க மறுக்கிறதாம்.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலடியில் வெற்றுக் கூடை.

கிளாக்கர் திலக்ஷன் விவரம் சொன்னார். அவள் சுலக்ஷனா. தாய் ராக்காயி போன மாதம் ஒன்பதாம் நம்பர் மலையில் குளவி கொட்டி இறந்துவிட்டார். அதன்பிறகு அங்கே யாரும் கொழுந்து பறிக்கப் போவதில்லை. கொழுந்து நிறுத்து ஆபீஸ் கணினிக்கு அனுப்பும் தராசைக்கூட அங்கிருந்து எடுத்துவரவில்லை. இறந்தவரின் தொழிலாளர் நம்பரைப் பிள்ளைக்குக் கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். லயத்து வரிசை வீட்டில் அவர்கள் குடியிருக்கும் காம்பராவும் அந்த நம்பருக்கே உரியது. மாலைக்குள் பதியாவிட்டால் அது வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

"அப்பா எந்திரிக்க முடியாம கெடக்காருங்க சார்," என்றாள் சுலக்ஷனா. அதற்குமேல் கெஞ்சவில்லை.

பிரதாப் அவள் பெயரைப் பதிந்து பார்த்தான்.

'இந்த நம்பரில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார்.'

எதிர்பார்த்த பிழைதான். தாயின் பதிவை மூடினால் சரியாகிவிடும். மூட முயன்றான்.

'வேலையில் இருப்பவரின் பதிவை மூட முடியாது.'

அன்றைய கொழுந்துக் கணக்கைத் திறந்தான். ராக்காயியின் பெயரில் ஓர் எடை வந்திருந்தது. ஒன்பதாம் நம்பர் மலைத் தராசிலிருந்து. சற்று முன்புதான்.

"உசுரோட இருக்கவங்களுக்குத்தாங்க இந்த மெசினு வேலை செய்யாது," என்றார் திலக்ஷன். யாரும் சிரிக்கவில்லை.

பழைய விவரம் எங்காவது தேங்கி நின்று இப்போது வந்திருக்கும் என்று பிரதாப் நினைத்தான். தொழிலாளியின் கார்டைத் தராசில் வைத்தால்தான் எடை பதியும். அம்மாவின் கார்டு எங்கே என்று சுலக்ஷனாவிடம் கேட்டான்.

"அம்மா கழுத்துலதாங்க. அதோடதான் பொதச்சோம்."

அறைக்குள் ஈரமண் வாசனை வந்தது.

திரையில் இன்னோர் எடை ஏறியது.

புதிதாக ஒருவரைப் பதிய முடியாவிட்டால், இருக்கும் பதிவிலேயே பெயரை மாற்றிவிடலாம். செய்யக்கூடாத குறுக்கு வழி. ராக்காயி என்ற பெயரை அழித்து, சுலக்ஷனா என்று எழுதினான்.

சர்வர் உடனே ஏற்றுக்கொண்டது.

பதிந்தாயிற்று என்று சொல்ல வராந்தாவுக்குப் போனான்.

பெஞ்சில் யாருமில்லை.

கூடையும் இல்லை. அவளுடைய செருப்புகள் மட்டும் மூடுபனியைப் பார்த்தபடி கிடந்தன.

உள்ளேயிருந்து திலக்ஷன் மெதுவாகக் கூப்பிட்டார். "சார்... எடை வருதுங்க. அந்தப் புள்ள பேருல."

பொழுது சாய்வதற்குள் ஆட்கள் மலையேறித் தேடினார்கள். தராசு துருவேறிக் கிடந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சுற்றிலும் பறிக்காமல் முற்றிப்போன செடிகள். சுலக்ஷனா கிடைக்கவில்லை.

காம்பரா கைவிட்டுப் போகவில்லை. அவள் அப்பா அதில்தான் படுத்திருக்கிறார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கஞ்சி கொடுக்கிறார்கள். பதிவின்படி மகள் வேலையில் இருக்கிறாள்.

ஹட்டனில் பிரதாப் தினமும் மதியம் அந்த நம்பரைத் திறந்து பார்க்கிறான். மூட முயல்வதை விட்டுவிட்டான்.

எடை தவறாமல் வருகிறது. ஒருத்தி பறிக்கக்கூடிய கொழுந்து அல்ல அது. இரண்டு பேருடையது.